கூடியிருந்து பின்னுவோம்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த மகளிர் கைவினை நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மகளிர் கைவினை நாளில் பேச ஆண் பிள்ளையை ஏன் மேடையேற்றினார்கள் என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. எங்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. கேட்டபோது மகளிர் பகுதியில் ஒரு லாத்தா சொன்னார்: "நூல் விக்கிறவங்க நீங்கதானே, நூலைப் பத்திப் பேசுங்க. கெடுத்ததும் நீங்கதான், அதையும் பேசுங்க." ஆகவே இன்று இரண்டையும் பேச வந்திருக்கிறோம். மேடையில் நிற்பது ஒருவர்தான். பேசுவது கடையில் நிற்கும் அண்ணன் தம்பி இருவருக்காகவும், சங்கத்தின் இளைஞர் பகுதிக்காகவும் சேர்த்து.

தம்போயில் நாங்கள் தையல் சாமான் கடை நடத்துகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஜிப்பு, பொத்தான், எலாஸ்டிக், நூல். எங்கள் உம்மா கடைக்கு வந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குரோஷா ஊசியை எடுத்துவிடுவார். நூல் வாங்க வந்த ஒருவர் நின்று பார்த்தார். அடுத்த வாரம் தன் ஊசியோடு வந்தார். மூன்றாமவருக்கு நாற்காலி போட்டோம். ஐந்தாமவர் வந்ததும் வாடிக்கையாளர் நடக்க வழியில்லாமல் போயிற்று. அப்போதுதான் சங்கத்தின் மாடி அறையைக் கேட்டோம். செயலவை மனமுவந்து கொடுத்தது. சனிக்கிழமை இரண்டு மணி முதல் அஸர் வரை.

ஏன் சனிக்கிழமை என்று இளையவர்கள் கேட்கலாம். 2014 முதல் ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து மறுபடி சனியும் ஞாயிறும். இரண்டு கணக்கிலும் மாறாமல் நின்ற விடுமுறை சனிக்கிழமைதான். நாள் மாறாததால் வருகிறவர்களும் மாறவில்லை. ஒரு கூட்டம் நிலைக்க நாளும் நேரமும் இடமும் மாறாமல் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் தானாக வரும்.

யாரெல்லாம் வருகிறார்கள்? பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய தாய்மார்கள். நம் குடும்பங்களின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. மகன் சிங்கப்பூரில் வேலை. பாலத்தில் நெரிசல் தொடங்குமுன் கடந்துவிட வேண்டும் என்று சுபுஹுக்கு முன்பே பைக்கை எடுக்கிறான். இரவு அவன் திரும்பும்போது உம்மா தூங்கிப்போயிருப்பார். மருமகளும் வேலைக்குப் போகிறார், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம். பகல் முழுக்க அடுக்குமாடி வீட்டில் ஒரு தொலைக்காட்சியும் ஒரு தாயும். எங்கள் குழுவில் ஒரு நன்னி சொன்னார்: "வாரத்துல ஆறு நாள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. சனிக்கிழமை கூப்பிடுறாங்க."

முதலில் வந்தவர்கள் எல்லாரும் நம் சங்கத்தவர். பிறகு பக்கத்து வீட்டு மாக்சிக் ஒருவர் வந்தார். தமிழ் தெரியாது. நம் நன்னிக்கு மலாய் பாதிதான் வரும். ஆனால் ஒருவர் பின்னுவதை மற்றவர் பார்த்துக் கற்றுக்கொள்ள மொழி எதற்கு? விரலைப் பிடித்துக் காட்டினால் போதும்.

கைவேலை தெரியாத சகோதரர்களுக்காக ஒரு விளக்கம். இரண்டு நீள ஊசிகளில் பின்னுவது ஒன்று. நுனியில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியில் பின்னுவது குரோஷா. முன்னதில் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியிலேயே இருக்கும். ஊசி நழுவினால் வரிசையே போய்விடும். குரோஷாவில் எந்த நேரத்திலும் ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. பாங்கு சொன்னால் அந்தக் கண்ணியைக் கொஞ்சம் நீட்டி இழுத்துவிட்டு எழுந்து போகலாம். தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடங்கலாம். பேரன் தொலைபேசியில் அழைத்தாலும் அப்படியே. நம் வீட்டுப் பெண்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். இன்னொன்று, குரோஷாவை அப்படியே செய்யும் இயந்திரம் இன்றுவரை சந்தையில் இல்லை. கடையில் மலிவாகத் தொங்கும் வெள்ளைத் தொப்பிகள் இயந்திரப் பின்னல். அவை குரோஷா போலத் தெரியும், அவ்வளவுதான்.

தொப்பி பின்னுவதைப் பார்த்தபோது எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. நாங்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவர்கள். அளவுகோல் இல்லாமல் எதையும் நம்ப மாட்டோம். தொப்பியை உச்சியிலிருந்து தொடங்குவார்கள். சிறு வளையம், ஒவ்வொரு சுற்றிலும் சமமாகக் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வரும். அதிகமாகக் கூட்டினால் அப்பளம் போல நெளியும். குறைத்தால் கிண்ணமாகக் குழியும். போதிய அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டால் சுவர் தானாகக் கீழே இறங்கும். எங்கே நிறுத்துவது? தலைச் சுற்றளவு 56 சென்டிமீட்டர் என்றால் வட்டத்தின் குறுக்களவு 18க்குச் சற்றுக் குறைவு என்று நாங்கள் கணக்குப் போட்டுச் சொன்னோம். நன்னி தன் சாணை வைத்துப் பார்த்து, அதே சுற்றில் நிறுத்தினார். நாங்கள் படித்தது மூன்று ஆண்டு. அவர் கை படித்தது ஐம்பது ஆண்டு.

இது புதிதாக நமக்கு வந்த பழக்கம் அல்ல. நம்மில் பலருடைய பூர்வீகம் கடையநல்லூர். அங்கே நம் முன்னோர் கைத்தறி நெசவாளர்கள். பஞ்சமும், இயந்திரத் துணியின் வரவும் தறியை நிறுத்தியபோது பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். சிங்கப்பூரில் 1941இலேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்தவர்கள். அந்த ஊர்ப் பெண்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் மசாலா அரைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆண்கள் கடை வைத்த கதையை எல்லாப் பொன்விழா மலரிலும் எழுதுகிறோம். அம்மிக்கும் உரலுக்கும் முன்னால் நின்ற அந்தக் கைகளையும் இந்த மலர் நினைக்கட்டும்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரையோரம் விளையும் கோரையை நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக வைத்து, துணியைப் போல மடிக்கக்கூடிய பாயை நெய்கிறார்கள். நெய்கிறவர்கள் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள். இன்று பெரும்பாலும் பெண்கள். திருமணத்துக்கு மணமக்கள் பெயரை நெய்து தருவது அந்த ஊர் வழக்கம். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் பரிசாகப் போனது பத்தமடைப் பாய். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது அவர்களுக்குப் பிழைப்பு. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருகிறோம்.

இனி, பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு செய்தி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஐரோப்பியக் குடிமக்களைப் பிடித்துச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 400 பேர் ஒரு பக்கம். ஆண்கள் வேறு பக்கம். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது, மனைவியின் கதி கணவனுக்குத் தெரியாது. கடிதம் கிடையாது. எத்தல் முல்வேனி என்ற கனடியப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரத் துணி. அதில் தன் பெயரையும், தன்னைப் பற்றிய ஏதாவது ஒன்றையும் தைக்க வேண்டும். 66 சதுரங்களை இணைத்தால் ஒரு போர்வை. இப்படி மூன்று போர்வைகள். மருத்துவமனையில் உள்ள காயம்பட்டவர்களுக்கு என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். அனுமதி கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒன்றைக் காயம்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களுக்கு என்றே செய்தார்கள். போர்வை வேலி தாண்டிப் போனது. அதில் இருந்த பெயர்களும் போயின. இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற சேதி அப்படித்தான் மறுபக்கம் சேர்ந்தது. அவற்றுள் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது.

அந்தப் போர்வையின் விலை என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். "நான் இருக்கிறேன்" என்று சொல்லத்தான் அவர்கள் தைத்தார்கள். மாடி அறைக்கு வரும் நம் நன்னியும் அதைத்தான் சொல்கிறார். நம் தாய்மார்கள் சிறையில் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பகல் முழுக்கப் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நமக்கும் தெரிந்தது. மாடி அறை பூட்டப்பட்டது. வாட்ஸ்அப்பில் தினம் ஒருவர் தான் பின்னிய துண்டைப் படம் எடுத்துப் போடுவார். ஒரு நாள் ஒருவரின் படம் வரவில்லை என்றால் பத்துப் பேர் அழைப்பார்கள். ஒரு லாத்தா காய்ச்சலில் தனியாகக் கிடந்தது அப்படித்தான் வெளியே தெரிந்தது. சாங்கியில் போர்வை செய்த வேலையை இங்கே ஒரு தொலைபேசிப் படம் செய்தது.

இதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். 2013இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு 31 நாடுகளில் பின்னல் வேலை செய்யும் 3,545 பேரிடம் கேட்டது. அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாக இருப்பதாகச் சொன்னார்கள். கூட்டமாகப் பின்னுகிறவர்கள் கூடுதல் மகிழ்ச்சியையும் மனிதத் தொடர்பையும் சொன்னார்கள். அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னது அது. மருந்துச் சீட்டு அல்ல. ஆனாலும் நாம் மாடியில் கண்ணால் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது.

இப்போது லாத்தா சொன்ன இரண்டாம் பகுதி. நாங்கள் கெடுத்த கதை.

2025 ரமலானுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்து, கையால் பின்னிய தொப்பி 200 வேண்டும், ஆறு வாரம், தொப்பிக்கு 8 வெள்ளி என்றார். நாங்கள் வியாபாரிகள். கேட்டதும் உள்ளம் குளிர்ந்தது. தாய்மார்களுக்கு வருமானம், சங்கத்துக்குப் பெயர், கடைக்கு நூல் விற்பனை. யாரையும் கேட்காமல் ஒப்புக்கொண்டோம். கரும்பலகையில் பதினான்கு பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் எண்ணிக்கை போட்டோம்.

முதல் வாரம் உற்சாகமாக இருந்தது. இரண்டாம் வாரம் பேச்சுக் குறைந்தது. மூன்றாம் வாரம் மாடி ஏறிப் பார்த்தால் அறையில் சத்தமே இல்லை. எல்லாரும் குனிந்து கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மாக்சிக் வரவில்லை. புதிதாகக் கற்க வந்த இரண்டு சிறுமிகளும் வரவில்லை. சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. நன்னியின் பின்னல் கொஞ்சம் தளர்வாக இருக்கும், கண் அப்படி. அவருடைய ஐந்து தொப்பிகளை அளவு சரியில்லை என்று திருப்பினோம். பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னுங்கள் என்று நாங்களே சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஐந்தையும் பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றி, மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

கடைசியில் 131 தொப்பிகளைக் கொடுத்தோம். பணம் வந்தது. பங்கு பிரித்தபோது உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். ஒரு தொப்பிக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. 8 வெள்ளியை ஆறால் வகுத்தால் மணிக்கு 1 வெள்ளி 33 காசு. அந்த ஆண்டு பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மணிக்கு 8 வெள்ளி 17 காசு. அந்தக் கணக்கில் ஒரு தொப்பிக்குக் கூலி மட்டும் 49 வெள்ளி கொடுத்திருக்க வேண்டும். எங்கள் கடையில் நிற்கும் பையனுக்கு நாங்கள் கொடுக்கத் துணியாத கூலியை எங்கள் உம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதைத் தர்மம் போல நினைத்துப் பெருமைப்பட்டும் இருக்கிறோம்.

நன்னியின் வீட்டுக்குப் போனோம். கோபம் இல்லை. தேநீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறோம்: "பணத்துக்குப் பின்னணும்னா வீட்லயே பின்னுவேனே தம்பி. இந்தக் காலை வெச்சுக்கிட்டு இருபத்திரண்டு படி ஏறி எதுக்கு வர்றேன்?"

பத்தமடையை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? அங்கே நெய்வது பிழைப்பு. பிழைப்பு என்றால் கூலி நியாயமாக இருக்க வேண்டும். இடைத்தரகன் விழுங்கக் கூடாது. இங்கே மாடியில் நடப்பது துணை. துணைக்கு விலை போட்டால் இரண்டும் கெட்டுப்போகிறது: கூலியும் நியாயமாக இருக்காது, துணையும் மிஞ்சாது. நம் சகோதரிகளில் யாருக்காவது வருமானம் தேவை என்றால் அதற்குத் தனி ஏற்பாடு செய்வோம். தையல், சமையல், எதுவானாலும் சரியான விலை பேசுவோம். சனிக்கிழமையை அதோடு கலக்க வேண்டாம்.

கைவேலை செய்து ஈவதற்கும் நமக்கு முன்மாதிரி உண்டு. உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கையால் தோலைப் பதனிட்டு, தைத்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தவர்கள். உங்களில் நீண்ட கை உடையவரே எனக்குப் பின் முதலில் என்னிடம் வந்து சேர்வார் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, மனைவியர் தம் கைகளை அளந்து பார்த்தார்கள். நீளம் என்றது கொடையை என்று ஸைனப் (ரலி) அவர்களின் மறைவுக்குப் பிறகுதான் விளங்கியது. நம் குழுவும் இப்போது பின்னியதில் விரும்பியதை விரும்பியவருக்குக் கொடுக்கிறது. மதரஸா பிள்ளைகளுக்குத் தொப்பி, புதுக் குழந்தைக்குப் போர்வை. நன்னியின் தளர்ந்த தொப்பிகளுக்குத்தான் பிள்ளைகளிடம் போட்டி. வெயிலுக்குக் காற்றோட்டமாக இருக்கிறதாம்.

ஆம், நன்னி திரும்பி வந்துவிட்டார்.

புதிதாகத் தொடங்க நினைக்கும் மற்ற வட்டாரத்தவர்களுக்காகச் சில வார்த்தைகள். தொடங்குகிறவருக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஊசியும், சற்றுத் தடித்த, வெளிர் நிற நூலும் கொடுங்கள். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. கற்கிறவர் ஒரே நாளில் வெறுத்துவிடுவார். கம்பளி நூல் நம் வெக்கைக்கு ஆகாது. பருத்தியோ, மில்க் காட்டன் என்று விற்கும் கலப்பு நூலோ போதும். தொப்பிக்கு 2 மில்லிமீட்டர் ஊசியும் மெல்லிய நூலும். ஒரு தொப்பிக்கு 50 கிராம் உருண்டை ஒன்று போதும். மருத்துவமனைக்கோ இல்லத்துக்கோ கொடுக்க நினைத்தால், பின்னுவதற்கு முன் அவர்களைக் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் ஒரு முறை குழந்தைத் தொப்பிகளைத் தடித்த நூலில் பின்னிக் கொண்டுபோய், திருப்பிக் கொண்டுவந்தோம். எல்லாவற்றுக்கும் மேல், நல்ல விளக்கு வேண்டும். வயதான கண்ணுக்கு நூலைவிட வெளிச்சம் முக்கியம்.

கடைசியாகச் செயலவையிடம் ஒரு வேண்டுகோள். மாடி அறையை வாடகைக்கு விடுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. சங்கத்துக்கு வருமானம் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். கூரை ஒழுகுகிறது, கல்வி உதவி நிதி கேட்டு வரும் பிள்ளைகள் அதிகம். வாடகைக்கு விட வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. நாங்கள் கேட்பது ஒரே ஒரு வரி. வாடகைப் பத்திரத்தில், சனிக்கிழமை இரண்டு மணி முதல் அஸர் வரை அறை மகளிருக்கு என்று எழுதுங்கள். அதனால் வாடகையில் குறைவதை எங்கள் கடை ஓராண்டுக்கு ஏற்கும். படியின் இரு பக்கமும் கைப்பிடி போடும் செலவை இளைஞர் பகுதி ஏற்கும். இதை இந்த மேடையில் சொல்லிவிட்டோம். இனி பின்வாங்க முடியாது.

சூரத்துன் நஹ்லில் ஒரு பெண்ணின் உவமை வருகிறது. உறுதியாக நூற்ற நூலைத் தானே துண்டு துண்டாகப் பிரித்துப்போட்டவள். கொடுத்த வாக்கை முறிப்பவர்களுக்கு அல்லாஹ் காட்டிய உவமை அது. ஐந்து தொப்பிகளை நன்னி பிரித்ததைப் பார்த்த நாளிலிருந்து அந்த ஆயத்தை ஓதும்போதெல்லாம் எங்களுக்கு உள்ளே சுடுகிறது. பிரித்தது அவர் கை. பிரிக்க வைத்தது நாங்கள். ஐம்பது ஆண்டாக நம் பெரியவர்கள் கண்ணி கண்ணியாகச் சேர்த்த சங்கம் இது. எங்கள் தலைமுறை அதைப் பிரித்ததாக இருக்கக் கூடாது.

இன்று வீட்டுக்குப் போனதும் சகோதரர்கள் ஒன்று செய்யுங்கள். உம்மாவிடம், வருகிற சனிக்கிழமை மாடிக்கு வருகிறீர்களா என்று கேளுங்கள். வருகிறேன் என்றால் நீங்களே கூட்டிக்கொண்டு வந்து விடுங்கள். முதல் ஊசியும் முதல் நூல் உருண்டையும் எங்கள் கடையின் அன்பளிப்பு.

நம் தாய்மார்களின் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நம்மை விட்டுப் போன பெரியவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.